சுவருக்குச் சொன்னது

ரேணுகாம்பாளுக்கு அந்த வீட்டில் பல வேலைகள். வாசல் தெளிப்பது, சமைப்பது, ராட்டையில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றுவது, ரேஷன் கடை வரிசையில் நிற்பது. இவற்றோடு இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. கணவர் தணிகாசலம் சொல்வதை அவருடைய தம்பி சபாபதிக்குச் சொல்ல வேண்டும். சபாபதி சொல்வதைத் தணிகாசலத்துக்குச் சொல்ல வேண்டும். மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். கை நீட்டினால் ஒருவர் தோளை ஒருவர் தொடலாம்.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுக் கூடத்தை முழுசாகத் தறி பிடித்துக்கொண்டிருந்தது. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று பட்டுச்சேலை நெய்வதற்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து நெய்பவர் ஒருவர். ஓரத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளி, உடலோடு கோர்த்துக் கொடுப்பவர் இன்னொருவர். கோர்வை போடுவது என்று அதற்குப் பெயர். தணிகாசலம் நெய்வார். சபாபதி பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அண்ணனுக்குக் கோர்வை போடுகிறான். இரண்டு பேர் கையும் ஒரே மூச்சில் போய்வர வேண்டிய வேலை அது. அந்த இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது.

"ரேணுகா, அவன நாடாவ கொஞ்சம் இழுத்துப் போடச் சொல்லு. கரை தளருது" என்பார் தணிகாசலம், தறியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ரேணுகாம்பாள் ராட்டையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்புவாள். "சபாபதி, கரை தளருதாம்பா."

அதற்குப் பிறகுதான் சபாபதியின் கை இறுகும். அதுவரை அவன் காதில் எதுவும் விழுந்ததாக ஆகாது. ஒருநாள் அலுத்துப்போய் அவள் கேட்டாள்.

"அதான் காதுல வுழுதில்ல. அப்புறம் நான் எதுக்கு கிளிப்பிள்ள மாதிரி?"

"வுழுது அண்ணி. நீங்க சொல்லுங்க."

கிளிப்பிள்ளை என்று அவள் சொன்னது சரியில்லை. கேட்டதை அவள் அப்படியே ஒருநாளும் சொன்னதில்லை. "அவனுக்கு அறிவு இருக்குதான்னு கேளு" என்று வந்தால், "கொஞ்சம் பாத்துப் போடணுமாம்பா" என்று போகும். "இவரு பெரிய இவரு, இவருக்கு மட்டும்தான் கண்ணு இருக்குதா" என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தால், "பாக்கறேன்னு சொல்றாருங்க" என்று இந்தப் பக்கம் போகும். கேட்ட இருவருக்கும் மூலம் என்னவென்று தெரியும், நேரே காதில் விழுந்ததுதானே. ஆனாலும் அவள் கழுவித் துடைத்துக் கொடுத்ததைத்தான் வாங்கிக்கொள்வார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பக்கத்து வீட்டுச் சங்கரி, "அக்கா, உங்க வூட்டுல டெலிபோன் பில்லு கட்டறீங்களா" என்று கேட்பாள். ரேணுகாம்பாளும் சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் அவள் முகம் களைத்துப்போய்த் தெரியும்.

எல்லாம் ஒரு பரிசில் ஆரம்பித்தது. மயில்கழுத்து நிறத்தில் உடலும் அரக்குக் கரையுமாக அண்ணனும் தம்பியும் நெய்த ஒரு சேலைக்குச் சென்னையில் ஒரு விழாவில் பரிசு கொடுத்தார்கள். குடும்பமே போயிருந்தது. சபாபதி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். மேடையில் மைக் பிடித்திருந்த பெண், "இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு உங்களுக்குத் துணை யாருங்க ஐயா" என்று தணிகாசலத்தைக் கேட்டாள். சபாபதி நாற்காலியின் நுனிக்கு வந்து, எழுந்திருக்க வாகாக இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டான்.

மேடைப் பழக்கமில்லாத தணிகாசலம் சால்வையைச் சரிசெய்துகொண்டு, "வீட்டு ஆளுங்கதாம்மா" என்றார். கைதட்டினார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

சபாபதிக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வருவார்கள். "மாப்பிள்ள நெய்யறாரா" என்பார்கள். "அண்ணனுக்குக் கோர்வை போடறாரு" என்று பதில் சொன்னதும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். இப்படி நாலைந்து தம்ளர் கீழே வைக்கப்பட்டதில் அவன் வயது போயிற்று. தன் பெயர் ஒரு தடவை ஒலிபெருக்கியில் வந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் அது வரும் என்று அவன் எதிர்பார்த்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு இருக்கைக்குப் போய் உட்கார்ந்தான். ஜன்னல் ஓரம் வேண்டும் போலிருக்கிறது என்று தணிகாசலம் நினைத்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் வாய் திறக்காததைப் பார்த்து, "இன்னாடா மூஞ்சி?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லனா சரி."

அண்ணன் இரண்டாவது தடவை கேட்பார் என்று தம்பி இருந்தான். கேட்டால் சொல்லியிருப்பான். ஒண்ணுமில்லை என்றவனை எதற்கு மறுபடி கேட்க வேண்டும் என்று அண்ணன் இருந்தார். விஷயம் என்னவென்று ரேணுகாம்பாள் சபாபதியிடமிருந்து கறப்பதற்கே பல மாதம் ஆனது. கணவரிடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அட, இதுக்கா?" என்று சிரித்தார். பொல்லாத சிரிப்பு இல்லை, அவருக்கு நிஜமாகவே பெரிய பாரம் இறங்கிய சிரிப்பு. ஆனால் அது தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவன் காதில் விழுந்தது. விழா மேடையை ஒருவேளை மறந்திருப்பான். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

பிறகு மகள் கலைவாணியின் கல்யாணம் வந்தது. சித்தப்பாவாக சபாபதி ஓடி ஓடி வேலை செய்தான். பந்தலுக்கு நின்றான், சமையல்காரருக்கு விறகு எடுத்துக் கொடுத்தான், சாம்பார் வாளியைத் தூக்கினான். மேடையில் குடும்பப் படம் எடுக்கும்போது மட்டும் வரவில்லை.

ரேணுகாம்பாள் பட்டுப்புடவையோடு அடுப்படிக்கு ஓடினாள். "வாப்பா, எல்லாரும் நிக்கறாங்க."

"கூப்ட வேண்டியவரு கூப்டட்டும் அண்ணி."

மேடைக்கு ஓடினாள். தணிகாசலம், "வர வேண்டியவன் வரட்டும்" என்றார். படக்காரர் அவசரப்படுத்தினார். படத்தில் ரேணுகாம்பாளின் கண் மட்டும் காமிராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறது. அதுவரை தம்பிக்கு மட்டும் இருந்த கோபம் அன்றிலிருந்து அண்ணனுக்கும் ஆயிற்று. என் பெண் கல்யாணத்தில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டான் என்பது அவர் கணக்கு.

வேலையிலும் அது வந்து நின்றது. ஒரு முகூர்த்தச் சேலை தறியில் இருந்தது. ரேணுகாம்பாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நெய்துகொண்டே வரும்போது அண்ணன் பக்கத்தில் கரையும் உடலும் சேருகிற இடத்தில் இழை விட்டுப்போனதை சபாபதி பார்த்தான். சொல்வதற்கு ஆள் இல்லை. அண்ணி வந்துவிடுவாள் என்று கையை ஓட்டிக்கொண்டிருந்தான். அன்று கடையில் பாமாயில் வண்டி வரத் தாமதமாகிவிட்டது. அவள் வருவதற்குள் ஒரு சாண் ஓடிவிட்டது. ஜரிகை விழுந்த இடம், பிரிக்கவும் வழியில்லை.

நெய்யக் கொடுத்த கடை முதலாளி சேலையை விரித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தணிகாசலம், ரெண்டு பேர் சேந்து நெய்த சேலையா இது? ரெண்டு சேலைய ஒட்டவெச்சா மாதிரி இருக்குது" என்றார். அதற்கப்புறம் கல்யாணச் சேலைகள் அவர்கள் தறிக்கு வருவது நின்றது.

ரேணுகாம்பாள் வீட்டில் இல்லாத நேரங்களுக்கு அவர்களே ஒரு ஏற்பாடு கண்டுபிடித்திருந்தார்கள். சுவரைப் பார்த்துச் சொல்வது. "வெளக்கப் போட்டா தேவல" என்று தணிகாசலம் காலண்டர் மாட்டிய சுவரிடம் சொல்வார். சபாபதி எழுந்து போய் விளக்கைப் போடுவான், ஏதோ தனக்கே தோன்றியது போல. முதலில் காரியத்துக்குத்தான் சுவர் பயன்பட்டது. போகப்போகக் குத்திக்காட்டுவதற்கே என்று ஆகிவிட்டது. சபாபதிக்கு ஒரு வாடிக்கையான வசனம் இருந்தது. "அண்ணிக்கு முட்டி வீங்கிக்கினு கெடக்குது. யாராவது பாத்தா தேவல." இன்னொரு நாள், "அண்ணி கண்ணாடி ஒடஞ்சி ஒரு மாசமாவுது. யாராவது பாத்தா தேவல." சுவருக்குச் சொன்னதற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது பேசாமலே ஏற்பட்ட சட்டம். பதில் சொன்னால் பேசிவிட்டதாக ஆகிவிடுமே. தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு நெய்வார். நாளடைவில் அந்த வசனம் தெருவில் போகிற ஐஸ் வண்டி மணி மாதிரி அவர் காதில் விழுந்தும் விழாமல் போகத் தொடங்கியது.

இப்படியே ஓடியிருக்கும். கலைவாணி உண்டானாள்.

அவள் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாள். கணவன் உதயகுமாருக்கு அங்கே கம்பெனியில் வேலை. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதுதானே முறை. ரேணுகாம்பாள் உள்ளறையை ஒழித்து வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டு, போனில் மகளிடம் நாள் பற்றிப் பேச்செடுத்தாள்.

"நான் அங்க வரலமா" என்றாள் கலைவாணி.

"வரலன்னா? ஊரு இன்னா சொல்லும்?"

"ஊர வுடு. நான் காலேஜ் போய்க்கினு இருக்கும்போது, ஏனாத்தூர்ல பஸ் ஏறி வந்து பையக் கூட எறக்கியிருக்க மாட்டேன், 'சித்தப்பாகிட்ட சொல்லு'ன்னு அப்பா ஆரம்பிப்பாரு. சித்தப்பா சோத்துல கைய வெச்சிக்கினு 'அப்பாகிட்ட சொல்லு'ன்னுவாரு. எனக்குப் பொறக்கறது அந்த வூட்டுல இருந்துச்சுன்னா, அம்மான்னு சொல்றதுக்கு முன்ன தூது போவக் கத்துக்கும்."

"அப்டிலாம் பேசாதடி."

"நான் ஒண்ணும் பெருசா கேக்கல. ரெண்டு பேரும் சேந்து வந்து என்னக் கூப்பிடட்டும். ஒரே வண்டில வரட்டும், ஒரு தடவ பேசிக்கட்டும். நான் பையத் தூக்கினு வந்துடறேன்."

ரேணுகாம்பாளுக்கு மகள் மேல் கோபம் வரவில்லை. கேட்டதில் தப்பு என்ன என்றுதான் தோன்றியது. உள்ளறைச் சுவரில் வெள்ளை காய்ந்துகொண்டிருந்தது. அந்த அறையில் மகள் படுத்திருக்க வேண்டும், பத்தியச் சாப்பாடு தன் கையால் போக வேண்டும், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். இந்த ஆசை தவிர வேறெதையும் அவள் அந்த வீட்டில் தனக்கென்று கேட்டதில்லை.

சபாபதிக்குச் சோறு போடும்போது சொன்னாள்.

"கூப்ட வேண்டியவரு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"அந்தப் பாட்ட நிறுத்து" என்றாள். "கருட சேவைக்கு அந்தப் பொண்ண தோள்மேல ஒக்கார வெச்சி, முடியப் புடிச்சி இழுத்தாலும் எறக்காம நின்னது யாரு? அவங்கப்பாவா?"

சபாபதி ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தான். கடைசியில், "சரி அண்ணி. நானே பேசறேன்" என்றான்.

"இன்னா பேசுவ?"

"கலைவாணிய கூப்டறதுக்கு எப்பப் போலாம்னு கேக்கறேன்."

"மொகத்தப் பாத்துக் கேளு. செவுத்தப் பாத்துக் கேக்காத."

"மொகத்தப் பாத்துதான்."

"எப்போ?"

"நாளைக்கி காலையில. தறில ஒக்காரும்போது."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் கணவரிடமும் பேச்செடுத்தாள். காலையில் தம்பி பேச வரும்போது அவர் ஏதாவது எகத்தாளமாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை. கொஞ்சம் தணிந்து பேசுங்கள் என்றுதான் சொன்னாள்.

"நான் இன்னா வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கேன்? அவன் பேசட்டும், நான் பேசறேன்" என்றார் தணிகாசலம். பேச்சு வளர்ந்தது. பரிசு, சிரிப்பு, கல்யாணப் படம், முகூர்த்தச் சேலை என்று எல்லாம் வரிசையாக வந்தது. "எனக்கு மட்டும் ரோசம் இல்லியா?" என்றார்.

"உங்க ரெண்டு பேர் ரோசத்தயும் நான்தான சொமந்துக்கினு இருக்கேன். நான் போய்ட்டா இன்னா பண்ணுவீங்க?"

"இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு?"

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தது அதுதான் முதல் தடவை.

காலையில் சபாபதிக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். தம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. கீழே ஓடிய காப்பியைப் பார்த்து ஏதோ சொன்னாள். சொல் உருண்டு திரண்டு வெளியே வராமல் நின்றது. வாய் ஒரு ஓரத்தில் தாழ்ந்திருந்தது.

"அண்ணி, இன்னா ஆச்சு?"

ஒன்றுமில்லை என்பது போல இடது கையை ஆட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

சபாபதி கூடத்துக்கு வந்தான். தணிகாசலம் தறியில் குனிந்து, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். ராத்திரி முழுக்க அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு வாக்கியத்தை அவன் மனசுக்குள் நெய்து வைத்திருந்தான். இப்போது சொல்ல வேண்டியது வேறு. கிட்டே போனான். அண்ணன் நிமிரவில்லை. அவன் வந்து நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. இரண்டு நிமிஷம் நின்றான். பழக்கம் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்தான்.

"அண்ணிக்கு வாய் ஒரு பக்கமா இழுத்தா மாதிரி இருக்குது. பேச்சும் சரியில்ல. யாராவது பாத்தா தேவல" என்றான்.

தணிகாசலத்தின் விரல்கள் இழையை விடவில்லை. மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்று மட்டும் நினைத்தார்.

சொல்லியாச்சு என்று சபாபதி செருப்பை மாட்டினான். கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார், அவர் பெண்டாட்டி, அவர் பார்த்துக்கொள்ளட்டும். டீக்கடைக்குப் போனான். டீ குடித்த பிறகும் ஆற்றாமை அடங்காமல் சர்வதீர்த்தக் குளக்கரை வரை நடந்து, படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவன் போன பிறகு தணிகாசலம் எழுந்து உள்ளறையை எட்டிப் பார்த்தார். பார்க்காமல் இருந்துவிடவில்லை. ரேணுகாம்பாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது. முந்தைய இரவு பாதியில் விட்ட தட்டு அடுப்படியில் அப்படியே கிடந்தது. இவளும் ஆரம்பித்துவிட்டாளா என்று நினைத்தார். முகத்தைத் தூக்கிக்கொண்டு படுத்தவர்களை அந்த வீட்டில் யாரும் எழுப்புவதில்லை. தானாக ஆறட்டும் என்று விட்டுவிடுவார்கள். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து, பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றித் தானே கரைத்துக் குடித்தார்.

உச்சிப்பொழுதில் தோசைக்கல் கேட்டு வந்த சங்கரிதான் கதவைத் திறந்தாள். ரேணுகாம்பாளின் கண்கள் திறந்திருந்தன. படுக்கை நனைந்திருந்தது. சங்கரி போட்ட சத்தத்தில் தெரு கூடியது. ஆள் அனுப்பி சபாபதியைக் கூட்டிவந்தார்கள். ஆட்டோவில் ஒரு பக்கம் அண்ணனும் ஒரு பக்கம் தம்பியும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். ரேணுகாம்பாளின் தலை அவர் தோளில் சாயும், அவன் தோளில் சாயும். வழி நெடுக ஒரு வார்த்தை இல்லை.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர் சுகாசினிக்குச் சின்ன வயது. கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே, "எப்ப ஆரம்பிச்சது?" என்றாள்.

"ராத்திரி நல்லாத்தாம்மா இருந்தா" என்று தணிகாசலம் டாக்டரிடம் சொன்னார்.

"காலையில காப்பி குடுக்கும்போதே வாய் கோணிச்சு" என்று சபாபதியும் டாக்டரிடம் சொன்னான்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "காலையிலயேவா? இப்ப மணி இன்னா? அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னேன் டாக்டர்."

"யார்கிட்ட?"

"வீட்டு ஆளுங்ககிட்ட" என்றான்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் பதிலுக்கு நிற்கவில்லை. பிறகு ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு விளக்கினாள். உடனே வந்திருந்தால் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம், அந்த நேரம் தாண்டிவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு. நாம் பேசுவதெல்லாம் அந்த அம்மாவுக்குப் புரியும், பதில்தான் வராது. எல்லாவற்றையும் அவள் தணிகாசலத்திடம் சொன்னாள். அவர் கேட்டு முடித்ததும் வழக்கம் போலப் பக்கத்தில் திரும்பினார், ரேணுகாவிடம் சொல்லி அவனுக்குச் சொல்லச் சொல்வதற்கு. பக்கத்தில் சுவர்தான் இருந்தது.

கலைவாணி வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே நின்றாள். அழுதுவிட்டு வெளியே வந்தபோது அப்பா பெஞ்சின் இந்தக் கோடியிலும் சித்தப்பா அந்தக் கோடியிலும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரே வண்டில வாங்கன்னு சொல்லியிருந்தேன். வந்துட்டீங்க" என்றாள். இருவருக்கும் நடுவில் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்தாள். உதயகுமார் வந்து கூட்டிப்போகும் வரை உட்கார்ந்தே இருந்தாள்.

வளைகாப்பை ஸ்ரீபெரும்புதூரிலேயே மாப்பிள்ளை வீட்டார் எளிமையாகச் செய்தார்கள். பிரசவமும் அங்கேதான் நடந்தது. மாமியார் பத்தியம் போட்டாள். நல்ல மனுஷி, குறையொன்றும் வைக்கவில்லை. பெண் குழந்தை. போனில் படம் காட்டினார்கள். ரேணுகாம்பாள் வெகுநேரம் பார்த்தாள். வெள்ளையடித்த உள்ளறையில் மகளுக்கென்று போட்ட கட்டிலில் அவள் படுத்திருந்தாள்.

தறி துணி போர்த்திக் கிடந்தது. இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்துக்கொள்ளப் பழகினார்கள். புண் வராமல் இருக்க நாளுக்குப் பலமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரால் முடியாது. ஒருவர் தோள்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடிப்பார்கள், கண்ஜாடையில் தூக்குவார்கள். சங்கரி காலையில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள். அப்போதும் பேச்சு பழைய வழியிலேயேதான் ஓடியது.

"ரேணுகா, மாத்திர தீந்துபோச்சு, வாங்கியாரச் சொல்லு அவன" என்பார் தணிகாசலம் கட்டிலைப் பார்த்து.

"அண்ணி, எந்த மாத்திரைன்னு கேளுங்க" என்பான் சபாபதி அந்தப் பக்கத்திலிருந்து.

படுத்திருப்பவள் அவரையும் அவனையும் பார்ப்பாள். உதடு அசையும். எட்டு வருஷமாகச் செய்த வேலையை அந்த உடம்பு செய்யப் பார்க்கும். "ம்பா" என்று ஓர் ஓசை வரும். அவ்வளவுதான் அவளிடம் மிஞ்சியிருந்தது. ஓசை வந்துவிட்டால் போதும், சொல்லியாகிவிட்டது என்று சபாபதி கிளம்பிவிடுவான்.

ஒருநாள் சாயங்காலம் தணிகாசலம் கஞ்சி கொண்டுவந்து உட்கார்ந்தார். "ரேணுகா, கஞ்சி கொதிக்குது. ஆத்தித் தரச் சொல்லு அவன" என்றார்.

ரேணுகாம்பாள் அவனைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கம் வருகிறதோ என்று அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார். "ரேணுகா" என்று தோளைத் தொட்டார். கண்ணைத் திறந்தாள். "ஆத்தித் தரச் சொல்லு" என்றதும் மறுபடி மூடிக்கொண்டாள். சபாபதி கட்டிலுக்கு இந்தப் பக்கம் வந்து, "அண்ணி, அவர குடுக்கச் சொல்லுங்க, நான் ஆத்தறேன்" என்றான். அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்ப முடிந்தது அந்தக் கழுத்து மட்டும்தான். ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கினாள். இருட்டும் நேரம் ஆயிற்று. மத்தியானத்திலிருந்து அவள் வயிற்றில் ஒன்றும் போயிருக்கவில்லை.

தணிகாசலம் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

"சபாபதி."

"ம்."

"சூடா இருக்குது."

"குடு. ஆத்தறேன்."

கிண்ணம் கை மாறியது. இரண்டு தம்ளருக்கு நடுவில் கஞ்சி ஏறி இறங்குகிற சத்தத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். தணிகாசலம் ஊட்டினார், வாங்கிக்கொண்டாள். கடைவாயில் வழிந்ததை சபாபதி துணியால் துடைத்தான். கிண்ணம் காலியாயிற்று. பிறகு தணிகாசலம்தான், காலி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்குக் காலையில நீ சொன்னது எனக்கா?"

"உனக்குத்தாண்ணா."

"நான் வழக்கம் போல செவுத்துக்குன்னு நெனச்சேன்."

"செவுத்தப் பாத்துத்தான் சொன்னேன்."

"அப்புறம் வந்து பாத்தேன்டா. பாக்காம இல்ல. கோச்சிக்கினு படுத்துக்கினு இருக்கான்னு கதவ சாத்திட்டுப் போனேன்."

சபாபதி துணியை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். "நான் டீ குடிக்கப் போய்ட்டேன்" என்றான்.

கட்டிலிலிருந்து, "ம்பா" என்று ஓசை வந்தது. இரண்டு பேரும் குனிந்தார்கள். அவள் தணிகாசலத்தைப் பார்த்தாள், சபாபதியைப் பார்த்தாள், மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஏதோ நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது அவளுக்கு.

"தண்ணியா?" என்றார் தணிகாசலம். இல்லை என்று தலை அசைந்தது.

"திரும்பிப் படுக்கணுமா அண்ணி?" அதுவும் இல்லை.

"கொழந்த படத்தப் பாக்கறியா?"

அவள் தலையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை உதட்டைக் கூட்டி முயன்றாள்.

"இன்னாடா சொல்றா?" என்று தணிகாசலம் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியலண்ணா" என்றான் சபாபதி.